ஹோப்: மூன்றாவது அர்த்தம்

புயல் ஓய்ந்து ஒன்பது நாளாகியும் சித்தப்பா போன விசைப்படகு காசிமேட்டுக்குத் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் படகின் சொந்தக்காரர் எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். வீட்டுப் பெண்களுக்குப் புரியாதென்ற எண்ணம். எனக்குக் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொற்கள்தான். நோ ஹோப்.

அவர் போனதும் சித்தி என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள்.

"நீ இங்கிலீசு இஸ்கூலுதானே? ஹோப்புன்னா இன்னாடி?"

எனக்குப் பத்து வயது. அர்த்தம் தெரியும், வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கீழே ஓடி, யாரோ ஒரு கப்பல் அதிகாரி விட்டுப்போக, அப்பா துறைமுகத்திலிருந்து எடுத்து வந்திருந்த பழைய அகராதியைத் தூக்கி வந்தேன். தலையணை கனம். முதல் அர்த்தம், நம்பிக்கை. இரண்டாவது, நாம் நம்பியிருக்கும் ஆள். மூன்றாவது பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் கப்பல்கள் காற்றுக்கு ஒதுங்கும் சின்ன வளைகுடாவையும் ஹோப் என்பார்களாம்.

"ஒதுங்க எடம் கெடைக்கலியாம் சித்தி. அதான் இன்னும் கடல்லயே சுத்திகினு கீறாங்களாம்."

சித்தி வெகுநேரம் கடலையே பார்த்தாள். எண்ணூர்ப் பக்கத்துப் புகை வானத்தில் கரைந்துகொண்டிருந்தது. நங்கூரமிட்ட கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. அவற்றுக்கெல்லாம் அப்பால், தென்னை நிழல் விழும் அமைதியான ஒரு வளைகுடாவைத் தேடிச் சித்தப்பாவின் படகு மிதந்து போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எடம் கெடைச்சா வந்துடுவாரு, இல்ல?" என்றாள்.

"ஆமா சித்தி."

சித்தப்பா வரவேயில்லை. மழைக்காலம் முடியும்வரை, பொழுது சாய்ந்தால் சித்தி என்னைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது அர்த்தத்தைப் படிக்கச் சொல்வாள். நானும் படிப்பேன். ஒரு பெரிய மனுஷியையே சாமர்த்தியமாக ஏமாற்றிக் காப்பாற்றுவதாக எனக்குள் ரகசியப் பெருமை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் சித்தி மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்தவளாம்.