வாட்ச் ரூமில் தங்கதுரை

தங்கதுரைக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குடியாம், பெண்டாட்டி சண்டையாம், பேய் பிடித்துவிட்டதாம். போங்கடா! ஒன்றும் தெரியாமல் உளறாதீர்கள். அவனை இப்படி ஆக்கியவன் நான். பேர் அழகர், அங்கே வண்டி ஓட்டுகிறேன்.

அவன் அப்பா தென்காசிப் பக்கமிருந்து வந்து கொச்சியில் மட்டாஞ்சேரி கோடவுன்களில் மூட்டை சுமந்தவர். தங்கதுரை பிறந்தது இங்கே. தமிழ் பேசுவான், எழுதச் சொன்னால் மலையாளத்தில்தான் எழுதுவான். நல்ல நீச்சல்காரன் என்பதால் காயல் தண்ணீரில் யார் விழுந்தாலும் முங்கி எடுப்பது அவன் வேலையாயிற்று. பதினான்கு வருஷத்தில் எத்தனை பேரை எடுத்தான் என்று வாய் திறந்து சொன்னதில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு வருவான், சோப்புப் போட்டுக் கை கழுவுவான், ஒரு சாயா குடிப்பான், உடனே என் தொப்பையைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவான்.

போன வருஷம் மழைக்காலத்தில் வைப்பின் தீவுப் பக்கம் ஒரு குழந்தையைப் பிணமாக எடுத்தான். பள்ளிச் சீருடையில் இருந்தது. அன்றைக்குச் சாயா குடிக்கவில்லை. அப்புறம் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. அவன் மனைவி வசந்தி எனக்குப் போன் செய்து அழுதாள்.

ஏன் எனக்கு? அந்த வருஷம்தான் எங்கள் ஆட்களிலேயே சிலரைப் பொறுக்கி, மனசு உடைந்தவனோடு உட்கார்ந்து பேசப் பழக்கியிருந்தார்கள். ஆலுவாவில் மூன்று நாள் வகுப்பு. வகுப்பெடுத்த டாக்டர் ஷபானா திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: அறிவுரை வேண்டாம், ஆறுதலும் வேண்டாம், முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

தங்கதுரை வீட்டுக்குப் போனேன். "தண்ணிக்குள்ள ஒண்ணும் இல்லண்ணே," என்றான். "மேல கொண்டாந்தப்ப அதோட அம்மா கத்துனாங்க பாருங்க, அந்தச் சத்தம்..."

"விடுடா, எல்லாம் சரியாயிரும்."

முழுசாகச் சொல்லவிட்டேனா, பாவி! தண்ணீர்தான் அவனை வதைக்கிறது என்று நானே முடிவுகட்டி, ஸ்டேஷன் ஆபீசர் கிருஷ்ணபிரசாத் சாரிடம் போய் நின்றேன். "சார், கொஞ்ச நாளைக்கு அவனை வாட்ச் ரூம்ல போடுங்க. உக்காந்து போன் எடுக்கட்டும்." எங்கள் வழக்கம் அது. கால் ஒடிந்தவனையும் மனசு ஒடிந்தவனையும் போன் அறையில் உட்காரவைப்போம். லேசான வேலையாம்! ஊரில் சாகப் போகிறவர்கள் எல்லாரும் கத்துவது அந்தப் போனில்தான் என்று எங்களில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒரு மிளகு கோடவுனில் தீப்பிடித்தது. மாடியில் கூலிவேலைக்கு வந்தவர்கள் குடியிருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்க, ரோஜா என்ற பெண் மட்டும் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவள்தான் போன் செய்தாள். மலையாளம் வராது. தங்கதுரையின் தமிழைக் கேட்டதும் "அண்ணே, போனை வெச்சிராதீங்க" என்று பிடித்துக்கொண்டாளாம்.

வண்டியை நான் ஓட்டினேன். சந்து முழுக்கச் சரக்கு லாரிகள். வயர்லெஸ்ஸில் தங்கதுரை கேட்டான், "அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?"

எங்கள் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நேரத்தைக் குறைத்தே சொல்வோம். பத்து என்றால் அஞ்சு. போனில் இருக்கிறவர்கள் பதறக் கூடாது என்றுதான். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது, தங்கதுரைக்கும்தான். அன்றைக்கு அவன் குரல் வேறு நடுங்கியது. "ரெண்டு நிமிஷம்டா," என்றேன்.

பதினோரு நிமிஷம் ஆயிற்று. எங்கள் வண்டியில் வந்த ரமேஷ்பாபு கதவை உடைத்து உள்ளே போனபோது அவள் ஜன்னலடியில் கிடந்தாள். மூச்சில்லை. பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்திருக்கிறான். "இதோ வந்துட்டாங்கம்மா, இதோ வந்துட்டாங்க" என்று தங்கதுரை இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

அதோடு சரி. அவன் வேலைக்கு வரவில்லை. மருந்து சாப்பிடுகிறான். வீட்டில் போன் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். வசந்தி போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கப் போகிறாள். வாரம் ஒருமுறை நான் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். எட்டு வாரம் அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த மட்டுக்காவது புத்தி வந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அவனாகவே பேசினான்.

"பின்பக்கப் படியில இறங்கி ஓடிரட்டுமான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சுண்ணே. அங்க புகை கம்மியாத்தான் இருக்குன்னு சொல்லுச்சு. நான்தான், வேண்டாம், ரெண்டு நிமிஷத்துல வந்துருவாங்க, அங்கயே இருன்னேன்."

என் பக்கம் திரும்பினான்.

"நீங்க ரெண்டு நிமிஷம்னு சொன்னப்ப வண்டி எங்க நின்னுச்சு?"

நாக்கு நுனி வரைக்கும் பொய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "சந்து முனையிலடா. லாரிக்குப் பின்னாடி. நகரவே இல்ல."

"ரெண்டு நிமிஷத்துல வர முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் என்னைத் திட்டவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். மெல்லத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அப்ப ஓடுன்னு சொல்லியிருப்பேனே அண்ணே," என்றான்.