தேவசகாயம் அண்ணன் கடைந்த நான்காவது கருவி

செவ்வாய்க்கிழமை காலை அறுவைக் கூடத்திற்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் தோட்டத்து எழுத்தர், கிராணி. "மிசி, நம்ம தேவசகாயம் போயிட்டாரு. செகிஞ்சான் ரோட்டுல லோரி மோதிருச்சு."

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். நான் தாதியாக, அவர்கள் வாயில் 'மிசி'யாக, உள்ள மருத்துவமனைக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவி மேரியை அழைத்து வந்தார். இதய வால்வு சுருங்கியதால் மேரி அக்காவால் படுக்க முடியாது; உட்கார்ந்தே உறங்குவார். "பெரிய வெட்டை இந்த உடம்பு தாங்காது. சின்னத் துளை வழியாகப் போய் வால்வை விரிக்க மெல்லிய கருவி வேண்டும். எங்களிடம் இருப்பது தடிமன்" என்று மருத்துவர் கைவிரித்தார்.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். "எத்தன மில்லி இருக்கணும், டாக்டர்?"

வேலை முடிந்ததும் ஆலைப் பட்டறையிலேயே எஃகைக் கடைந்தார். ஆட்டு இதயங்களில் சோதித்தார். முதல் கருவி சதையைக் கிழித்தது. இரண்டாவது விரிந்தது, மூட மறுத்தது. மூன்றாவதன் முனை ஒடிந்தது. ஒவ்வொன்றையும் தம் உதட்டில் உரசிப் பார்ப்பார். "ஒதடு தாங்காதத இருதயம் தாங்குமா, மிசி?"

நான்காவதை மருத்துவர் பலமுறை சோதித்து ஏற்றார். திங்களன்று அறுவை என்று முடிவானது. சனிக்கிழமை காலை, தலையணையில் சாய்ந்தபடியே மேரி அக்கா இறந்துபோனார். அண்ணன் அழவில்லை. மருத்துவர் முன் போய் நின்று, "நான் மெதுவா செஞ்சிட்டேன்" என்றார். நாங்கள் என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கருவியை என் கையில் வைத்தார். "வீட்டுல வெச்சிருக்க முடியல. யாருக்காச்சும் ஆகுமா பாருங்க."

சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்த லெட்சுமி என்ற பெண்ணுக்கு ஆனது. அறுவை முடிந்த நான்காம் நாள் அண்ணன் வார்டு வாசலோடு நின்றுகொண்டார். "படுத்துத் தூங்குதா?"

"தூங்குதுண்ணே."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். "மேரிக்கு ஒரே ஒரு தூக்கம் கெடச்சிருக்கக் கூடாதா?"

பிறகு ஒவ்வொரு அறுவைக்கு முன்பும் அதைச் சரிபார்த்துத் தந்தார். பிழைத்தவர்களைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார். சிரித்து நான் பார்த்ததில்லை.

அடக்கத்திற்கு லெட்சுமி இடுப்பில் குழந்தையுடன் வந்திருந்தாள். தேவாலயத்திலிருந்து கல்லறை வரை, அந்த வெயிலில், எங்கும் நிற்காமல் நடந்தாள். மண் போடும் முறை வந்தபோது என் கை எழவில்லை. அவள்தான் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

போய் வாருங்கள், அண்ணே. மேரி அக்காவின் பக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது.