முதல்ல ஷூவ மாட்டு

மாணவர் விடுதியில் ஒரு கதவைத் தட்டிவிட்டு, என் தம்பி ஆல்வின் சற்றுப் பின்னால் நகர்ந்து நிற்பான். கதவுத் துளை வழியே பார்த்தால் அவன் முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பலமாகத் தட்டமாட்டான். எங்கள் பிள்ளைகளுக்குப் பலமான தட்டல் என்றால் போலீஸ்.

"நான்தான்டா, ஆல்வின். முதல்ல ஷூவ மாட்டு. மத்ததெல்லாம் நடந்துக்கிட்டே பேசிக்கலாம்."

பல்கலைக்கழகத்தில் எங்கள் கறுப்பினப் பையன்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்கமாட்டான். "கேட்டா பொய் சொல்லணும், பாவம்" என்பான். ஷூ மாட்டிய கால் தானாக வகுப்புப் பக்கம் திரும்பும் என்பது அவன் கணக்கு. பையன்களுக்கு அவன் அங்கிள். தேவாலயத்தில் நான் மட்டும் அவனை எல்லார் காதிலும் விழும்படி, அவன் வாங்கிய முனைவர் பட்டத்தையும் எங்கள் குடும்பப் பெயரையும் சேர்த்து, டாக்டர் பெட்வே என்பேன். பள்ளியோடு நின்று சலவைக்கடையில் இஸ்திரி போட்டவள் நான். அவன் சட்டைக் காலரை இன்றும் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

இந்த வசந்தத்தில் அவன் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நூலகத்தில் ஒரு மூலை மேசை கொடுத்து, தேடி வருபவர்களுக்கு உதவினால் போதும் என்றார்கள். "மூழ்குறவன் வரிசையில நின்னு டோக்கன் வாங்குவானாக்கா?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவனுக்குக் கார் ஓட்டுவது நான். திங்கட்கிழமை அவன் பையன்களில் ஒருவனான ஜமாரியின் கதவுக்குப் போனோம். அன்று காலை அவனுக்கு இயற்பியல் இறுதித் தேர்வு. எழுதாவிட்டால் உதவித்தொகை போய்விடும். அது போனால் படிப்பும் போச்சு. போன வாரம் ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேரில் காவலாளி அவனிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டிருக்கிறார். போனில் அதைச் சொன்னவன், பிறகு போனை எடுக்கவே இல்லை.

"ஷூவ மாட்டு, ஜமாரி."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "போங்க அங்கிள். உங்களையே மூலையில ஒக்கார வச்சிட்டாங்க. என்னைக் கூட்டிட்டுப் போயி எங்க வைக்கப் போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஜமாரிக்கென்று எடுத்துவைத்து, சுடவைத்து, அலுமினியத் தாளில் பொதிந்து கொண்டுவந்த கோழியும் கீரையும் என் கையில் ஆறிக்கொண்டிருந்தன. போகலாம் வா என்று தம்பியின் தோளைத் தொட்டேன்.

ஆல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை நீட்டியபடி, மெல்லத் தரையில் உட்கார்ந்தான். குனிந்து தன் ஷூக் கயிறுகளை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி, பக்கத்தில் ஜமாரியின் ஜோடிக்கு இடம் விட்டு, முனை படிக்கட்டைப் பார்க்கும்படி வைத்தான்.