வாட்ச்மேனின் மிலிட்டரி லாரி

கண்ணுகளா, ஏற்காட்டில் ஒரு லாட்ஜுக்கு நான் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தபோது அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். யாரிடம் பேசினாலும் அவர் முகம் ஒருமுறை இடப்பக்கம் திரும்பிவிட்டு வரும்.

தங்கிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்த மிலிட்டரி லாரிப் பொம்மையை அவர் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் போல இறுகும் ரெசினில் வார்த்த பாகங்கள். வார்ப்பு சரியில்லை, எங்கு பார்த்தாலும் குமிழி ஓட்டை, டிரைவர் பக்கத்துக் கதவு கோணல். சுவர் விரிசலில் பூச வைத்திருந்த பட்டி மாவால் ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தேன்.

"சுடுதண்ணியில போட்டா கதவு நிமிந்துருமுங்க," என்றேன்.

"வேண்டாம் சாமி. எம்பட வண்டியிலயும் இந்தக் கதவு கோணல்தான். வண்டி பள்ளத்துல உருளறப்ப அது தானாத் தொறந்து என்னைய வெளிய வீசிருச்சு. கூட வந்தவன் பக்கம் நொம்ப நல்ல கதவு. தொறக்கவே இல்ல."

சொல்லிக்கொண்டே, குறையே இல்லாத இடப்பக்கக் கதவைத் திறந்து வைப்பதற்காக பிளேடால் அறுத்தார். அது பிஸ்கெட் போல நொறுங்கிவிட்டது.

"தகரத்துல ஒண்ணு வெட்டித் தரட்டுங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் என்னிடம் பச்சை பெயிண்ட் வாங்கி லாரிக்கு அடித்தார். பனியில் காயாதென்று அடுப்போரம் வைத்தார். இடப்பக்கம் கதவே இல்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தை எதுவென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.