பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்

நாய் கடித்ததால் எனக்கு ஆராய்ச்சித் தலைப்பு கிடைத்தது. எந்த இடத்தில் கடித்தது என்பதை மட்டும் பெரம்பலூர் கல்லூரியில் என் நெறியாளரிடம்கூட நான் சொல்லவில்லை. நாய்க்கடி ஊசிக்கு வருகிறவர்கள் நான்கு தவணையும் போட்டு முடிக்கிறார்களா, பாதியில் நின்றுவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. பாதியில் நிற்பவர்களைப் பற்றி ஆவேசமாக ஒரு அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'அலட்சியம்' என்று இருக்கும். எண்ணிக்கை எங்கே என்று கேட்டு நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். இந்தப் பருவத்துக்குள் கொடுக்காவிட்டால் என் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். அரியலூர் தபால் ஆபீசில் ஒரு முழுநாள் நின்று, சுற்றுவட்டாரச் சுகாதார நிலையங்களுக்கெல்லாம் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். நாய் கடித்ததும் நான் ஓடிய எங்கள் ஊர்ப்பக்கத்து நிலையம்தான் முதலில் பதில் போட்டது. 'கேட்ட தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை. நேரில் வந்து பதிவேட்டைப் பார்வையிடலாம்.' மழுப்பல் என்று கொதித்துப்போய், மேல்முறையீட்டு மனுவையும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு திருமானூர் பஸ் ஏறினேன்.

நர்ஸம்மா பதிவேட்டை விரித்து, பெயர்கள் தெரியாமல் ஒரு ஸ்கேலை வைத்து மறைத்தார்.

"பேரு மட்டும் காட்ட முடியாதுங்க. அடுத்தவங்க விவரம். சட்டம் நீங்களே படிச்சிருப்பீங்க."

படித்திருந்தேன். குறிப்பெடுத்தேன். காலியாகக் கிடந்த நான்காம் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாதுங்கம்மா."

"ஆமாங்க" என்று அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கடித்த இடம்: இடது பிட்டம். அதற்கு நேரே என் ஊர், என் வயது. மூன்று தவணைக்குத் தேதி இருந்தது. நான்காவது கட்டம் காலி. நாள் கணக்குப் பார்த்தேன். நான்காம் ஊசிக்கு வர வேண்டியது, தபால் ஆபீசில் நான் நின்ற அதே நாள். காயம்தான் ஆறிவிட்டதே என்று விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"இது... யாருங்கம்மா?"

"பேரு சொல்லக் கூடாதுங்க. மூணு தடவை போன் போட்டேன். ஆராய்ச்சில இருக்கேன்னு வச்சுட்டாரு. போங்க, டாக்டரைப் பாத்துட்டு வாங்க."

பார்த்துவிட்டு வந்ததும் ஊசி போட்டார். கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினார்.

"இப்ப உங்க எண்ணிக்கையத் திருத்திக்குங்க."

ஒன்றைக் குறைத்தேன். திரும்பும் பஸ்ஸில், மேல்முறையீட்டு மனுவை எடுத்து அதன் பின்பக்கத்தில் என் அத்தியாயத்தின் முதல் வரியைப் புதிதாக எழுதினேன்: நான்காம் ஊசிக்கு வராத அன்றைக்கு இவர்களுக்கெல்லாம் என்ன வேலை இருந்தது?