கொல்லிமலையில் கிடைத்த கிச்சன் ஆர்டர்

நல்ல மாடுலர் கிச்சன்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஊரெல்லாம் யோசனை சொல்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்படும்வரை அந்த மனுஷன் படும் பாட்டை, அளவு டேப்போடு அலையும் சகோதரர்களே, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எனக்கு அடிவாரத்தில் கடை. போன வருஷம் வாழவந்தி நாட்டில் புது வீடு கட்டிய செல்வராணியம்மா கூப்பிட்டார். மிளகுத் தோட்டக்காரர். மலையில் பெரிய வேலை என்று அதுவரை எனக்கு எதுவும் அமையவில்லை. ஆசையோடு பஸ் ஏறினேன்.

பக்கெட்

மாதிரிப் பலகையைக் கொடுத்தேன். அந்தம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொல்லைப்புறம் போய்த் தண்ணீர் பக்கெட்டில் போட்டார். உள்ளே ஏற்கெனவே இரண்டு பலகைகள் ஊறிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் வந்தவர்கள் கொடுத்தவையாம்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அவற்றில் ஒன்று டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. என்னுடையது உப்பவில்லை. நிமிர்ந்து நின்றேன். அந்தம்மா ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெம்பினார். கையோடு வந்துவிட்டது.

"பலகை நல்லாருக்குதுங்க பாய், பசைதான் மலையேறி வராதாட்டம் இருக்குது. மாத்தி ஒட்டிட்டு வாங்க."

நேரில் பார்த்த சாட்சி

மாற்றி ஒட்டிக் கொண்டுபோன பலகை பக்கெட்டில் தேறியது. அப்போதும் ஆர்டர் வரவில்லை. "நீங்க போட்ட கிச்சன் ஒண்ணைக் காட்டுங்க" என்றார் அவருடைய வீட்டுக்காரர் முருகேசன். திண்ணனூர் நாட்டில் சரசு என்பவர் வீட்டில் எப்போதோ ஒரு சின்ன வேலை செய்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இழுப்பறைகள் என்ன கதியில் இருக்கின்றனவோ என்று நினைத்தபடியே அவரை அங்கே கூட்டிப்போனேன்.

முருகேசன் நேராகப் போய்க் கீழ் இழுப்பறையை இழுத்தார். உள்ளே பழைய சேலைமேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தது, அசையவில்லை. எனக்கு முகமே செத்துப்போயிற்று. சரசு சிரித்தார்.

"இழுத்தாச் சத்தமே வாரதில்லீங்க, அதான் பயமில்லாம அதுலயே உக்காந்துக்குச்சு!"

திரும்பும் வழியில் முருகேசன் ஆர்டரைச் சொன்னார்.

முழங்கை

அடுப்பு மேடையின் உயரத்துக்கு, சமைப்பவரின் முழங்கை உயரத்தை அளப்பேன். அந்தம்மாவை நிற்கவைத்து அளந்து, குறித்துக்கொண்டு, மேடை கட்டும் மேஸ்திரிக்கும் போனில் சொல்லிவிட்டேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசலில் நின்ற நெட்டையான வீட்டுக்காரரைக் காட்டினார்.

"ஏனுங்க பாய், நான் விடிஞ்சாத் தோட்டத்துக்குப் போயிருவேன். சமைக்கறது அவருங்க."

போன்

லாரி அத்தனை வளைவுகளிலும் மெதுவாக ஏறி, ஒரு கீறலில்லாமல் சாமான் வந்து சேர்ந்தது. நல்லபடியாக மாட்டிவிட்டு இறங்கினேன். பிறகு மழைக்காலம் வந்தது. மலையில் சுவரே வேர்க்கும் காலம். ஒரு நாள் காலையில் அந்தம்மாவிடமிருந்து போன். கதவு உப்பிவிட்டதா, கீல் துருப்பிடித்துவிட்டதா? எடுக்கும்போதே, "நாளைக்கே ஆளோட வாரேன்ம்மா" என்றேன்.

"எதுக்குங்க? எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லத்தான் கூப்புட்டேன். கொறைன்னாத்தான் போன் பண்ணோணுமா?"

ஆக, தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களிடம் மாட்டிக்கொண்டால், நாமும் நல்ல கிச்சன்காரராக ஆவதைத் தவிர வேறு வழியில்லை.