சித்தப்பாவின் நீல ஈறு

சித்தப்பாவின் ஈறுகளில் பற்களையொட்டி ஓடிய நீலக்கோடு அண்ணாமலையார் இட்டது என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் நம்பியது. அதை முதலில் கண்டவர் சித்தி. ஆலகாலம் உண்டவருக்குக் கழுத்தே நீலமாயிற்று. மாதந்தோறும் அவரை வலம் வருகிற மனிதருக்கு ஈறாவது நீலமாகக் கூடாதா என்பது அவருடைய வாதம். அதை மறுக்கும் அளவுக்குச் சித்தப்பா அடக்கமானவரல்லர்.

பழைய பேட்டரிதான் அவருடைய தொழில். எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டின் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. லாரி பேட்டரிகளையும், பௌர்ணமி கிரிவலக் கடைகளில் விளக்கெரித்து ஓய்ந்த பேட்டரிகளையும் அங்கே உடைத்து, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கிக் கட்டிகளாக வார்த்து விற்பார். மேலெல்லாம் சாம்பல் நிறத் தூசியோடு அப்படியே சாப்பிட உட்காருவார். அந்தச் சட்டைகளைச் சித்தி உதறி உதறித் துவைப்பார்.

செய்தி தெருவில் பரவியது. வெள்ளிக்கிழமைகளில் சிலர் வந்து நிற்பார்கள். சித்தப்பா உதட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திருநீறு பூசிவிடுவார். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் மசியவில்லை.

“சாமிக்குக் கழுத்துலதானே நீலம்? உன் வூட்டுக்காரருக்கு ஈறோட நின்னுட்டுதே.”

“இப்பதான வாய்க்கு வந்துருக்கு. கழுத்துக்கு எறங்க நாளாவாதா?” என்றார் சித்தி.

பின்னர் வயிற்றுவலி வந்தது. சித்தப்பா சுருண்டு சுருண்டு படுத்தார். சித்திக்கு இதிலும் குழப்பமில்லை: விஷம் கழுத்தைத் தாண்டிவிட்டது. எனவே புராணத்தில் அம்மன் செய்ததை அவரும் செய்தார். வலி வரும்போதெல்லாம் கணவரின் தொண்டையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்வார். சித்தப்பா விழி பிதுங்க, வயிற்றுவலியே தேவலாம் என்று சைகை காட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, திருநீறு பூச உயர்த்திய வலக்கை மணிக்கட்டோடு மடங்கித் தொங்கிவிட்டது. நிமிர்த்திப் பார்த்தார், மறுபடியும் தொங்கியது. எதிரே நின்ற பெண்மணி அதைப் புதியதொரு முத்திரை என்றெண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார். எப்போதும் சிரிக்கிற அந்தக் கண்களில் அவ்வளவு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை.

“கை சொன்ன பேச்சு கேக்கல பாப்பா,” என்றார்.

அவரை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் ஓர் இளம்பெண். ஈறுகளைப் பார்த்தவுடன் என்ன தொழில் என்று கேட்டார். சித்திக்கும் சேர்த்தே இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த நாளில் நிதானமாக விளக்கினார். ஈயப் புகையும் தூசியும் மூச்சிலும் சோற்றிலும் கலந்து உள்ளே போயிருக்கின்றன, வயிற்றுவலியும் தொங்கிய கையும் அவற்றால்தான், நீலக்கோடு ஈயத்தின் அடையாளம், சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

“இது விஷம்மா,” என்று முடித்தார்.

“அதத்தான டாக்டர் நானும் இத்தினி நாளா சொல்றேன்,” என்றார் சித்தி.

மருத்துவர் அடுத்த தாளைப் புரட்டினார். சித்தியின் இரத்தத்திலும் ஈயம் இருக்கிறது, கணவரின் சட்டைகளிலிருந்து வந்திருக்கும், ஆனால் கம்மிதான் என்றார்.

“இருக்காதா பின்ன? பாதி உடம்ப அம்மனுக்குக் குடுத்த சாமியாச்சே எங்க ஊரு சாமி,” என்றார் சித்தி, சற்றே பெருமையுடன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.

கொட்டகை அந்த வாரமே பிரிக்கப்பட்டது. சித்தப்பா ஊரையொட்டிய வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்தார். மருந்தில் கை மெல்ல நிமிர்ந்தது. நீலக்கோடும் வெளுத்து மறைந்தது. அதில் சித்திக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சிறுநீரகங்கள் மட்டும் தேறவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு மழைக்காலத்தில் சித்தப்பா காலமானார்.

சித்தி இருக்கிறார். ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனைக்கு அவரை நான் அழைத்துச் செல்கிறேன்.